பிஎல் பைத்தான்ல தமிழ் பேர் வந்தா யூனிகோட் எரர்: ராணிப்பேட்டை தம்பிக்கு விரிவான பதில்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒரு வாட்டி சுருக்கமா சொல்லிடறேன், நாளைக்கு இதே பிரச்சனையோட வர்றவங்களுக்கும் புரியணும். ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பர் தைக்கிற யூனிட் ஒண்ணுல சம்பள சாஃப்ட்வேர் பாத்துக்கறீங்க. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, அதுக்குள்ள பிஎல் பைத்தான் 2 யு-ல (போஸ்ட்கிரெஸுக்குள்ளயே பைத்தான் 2 ஓட்டற வசதி) எழுதின ஒரு ஃபங்ஷன், தொழிலாளி பேரையும் ஊரையும் ஒட்டி சம்பள சீட்டுக்கு ஒரு வரி பண்ணிக் குடுக்குது. இங்கிலீஷ்ல பேர் இருந்தா ஓடுது, தமிழ்ல இருந்தா "ஆஸ்கி கோடெக் கான்ட் டீகோட் பைட் 0எக்ஸ்ஈ0"ன்னு நின்னுடுது (ஆஸ்கிங்கறது இங்கிலீஷ் எழுத்து மட்டும் இருக்கற பழைய என்கோடிங், என்கோடிங்னா எழுத்தை பைட்டா எழுதற முறை). எப்படியோ அதை ஒட்டுப் போட்டு தாண்டினா, சில ஊருக்கு மட்டும் "இன்வேலிட் பைட் சீக்வென்ஸ் ஃபார் என்கோடிங் யூடிஎஃப்8"ன்னு வேற ஒண்ணு வருது. கூட வேலை செய்றவர் டீகோட்ல (பைட்டை எழுத்தா மாத்தற இடத்துல) இக்னோர் (புரியாத பைட்டை சத்தமில்லாம விட்டுடற ஆப்ஷன்) போட்டுடு, எல்லாம் அடங்கிடும்னு சொல்றாரு. அடுத்த மாசம் புது சர்வருக்கு வேற மாத்தப் போறீங்க. இதான கேள்வி.

இக்னோர் மட்டும் போடாதீங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், மீதியெல்லாம் அப்புறம் பொறுமையா பேசலாம். இங்கிலீஷ், ஃப்ரெஞ்சு மாதிரி பாஷைக்கு இக்னோர் போட்டா ஒரு எழுத்து ரெண்டு எழுத்து போவும், மீதி படிக்கிற மாதிரி இருக்கும். தமிழ்ல அப்படி கிடையாது, ஒவ்வொரு எழுத்தோட ஒவ்வொரு பைட்டும் 127-க்கு மேலதான் இருக்கு, அதனால ஆஸ்கி டீகோட்ல இக்னோர் போட்டா பேரு மொத்தமா காலியாயிடும், எரரும் வராது. வேலூர்ல ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல (பேர் வேணாம்) நான் போய் பாத்தப்ப இதான் நடந்துகினு இருந்துச்சு. பேர் தமிழ்ல, இனிஷியல் மட்டும் இங்கிலீஷ்ல அடிச்சு வெச்சிருக்காங்க, யாரோ இக்னோர் போட்டதுல பேர் எல்லாம் ஓடிப்போய் "எஸ்." "கே."ன்னு இனிஷியல் மட்டும் ரிப்போர்ட்ல நிக்குது. ஒரே நாள் ஒரே இனிஷியல்ல நாலு பேர் வந்தா யாரு ரிப்போர்ட் யாருக்குன்னு ஃபோன் நம்பரை வெச்சு தேடிகினு இருந்தாங்க. எரர் வந்து நின்னிருந்தா அன்னைக்கே யாராவது சரி பண்ணியிருப்பாங்க. உங்க கேஸ்ல அது ஒருத்தரோட கூலி, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

இப்ப உள்ள இன்னா ஆவுதுன்னு பாக்கலாம். டேட்டாபேஸ்ல இருக்கறது எழுத்து இல்ல, பைட்டு. "இந்த பைட்டெல்லாம் யூடிஎஃப்-8 கணக்குல எழுதினது"ங்கற ஒப்பந்தம் இருந்தாதான் அது எழுத்தாவும். யூடிஎஃப்-8ல தமிழ் குறியீடு (யூனிகோட் பட்டியல்ல தனி நம்பர் உள்ள எழுத்து, கொம்பு, புள்ளி) ஒவ்வொண்ணும் 3 பைட்டு, முதல் பைட்டு எப்பவுமே ஈ0, ரெண்டாவது ஏஈ இல்லன்னா ஏஎஃப், மூணாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ஹெக்ஸ்ல (16-ஐ அடியா வெச்ச எண் முறை, இங்கிலீஷ் ஏ-லேர்ந்து எஃப் வரைக்கும் எழுத்தும் அதுல இலக்கம்தான்) எப்படிப் படிப்போமோ அப்படியே எழுதறேன்: 'த'ன்னா ஈ0 ஏஈ ஏ4, புள்ளின்னா ஈ0 ஏஎஃப் 8டி. உங்க எரர்ல ஈ0-ன்னு வருது பாத்தீங்களா, அதைப் பாத்ததும் எனக்கு ஒரு விதத்துல நிம்மதியாதான் இருந்துச்சு. டேட்டா பெரும்பாலும் ஒழுங்கான யூடிஎஃப்-8 தமிழ், படிக்கிற இடத்துலதான் கோளாறு.

பைத்தான் 2-ல ரெண்டு விதமான ஸ்ட்ரிங் இருக்கு, ஒண்ணு வெறும் பைட்டு ஸ்ட்ரிங், இன்னொண்ணு யூனிகோட் ஸ்ட்ரிங். பிஎல் பைத்தான் 2 யு-ல டெக்ஸ்ட் ஆர்க்யுமென்ட் உள்ள வரும்போது பைட்டு ஸ்ட்ரிங்காதான் வரும், டேட்டாபேஸோட சர்வர் என்கோடிங்ல. பைட்டும் பைட்டும் ஒட்டினா பைத்தான் வாயே திறக்காது. உங்க ஃபங்ஷன்ல யாரோ ஃபார்மேட் ஸ்ட்ரிங்குக்கு முன்னாடி ஒரு 'யு' போட்டு வெச்சிருக்காங்க, அது யூனிகோட் ஆயிடுச்சு, யூனிகோடோட பைட்டை ஒட்டச் சொன்னதும் பைத்தான் 2 உங்களை கேக்காமலே அந்தப் பைட்டை ஆஸ்கின்னு நெனச்சு டீகோட் பண்ணப் பாக்குது, ஆஸ்கிக்கு 127-க்கு மேல ஒண்ணும் தெரியாது, பொசிஷன் 0-லயே முட்டிகிச்சு. இங்கிலீஷ் பேரு ஓடுறதுக்கும் இதான் காரணம், அது ஆஸ்கிக்குள்ளயே அடங்கிடும்.

வழி ஒண்ணுதான். ஃபங்ஷனோட முதல் வரியிலயே உள்ள வந்த ஒவ்வொரு டெக்ஸ்டையும் டாட் டீகோட், யூடிஎஃப்-8ன்னு யூனிகோட் ஆக்கிடுங்க, நடுவுல இருக்கற வேலையெல்லாம் யூனிகோட்லயே பண்ணுங்க, கடைசியில அந்த யூனிகோட் ஸ்ட்ரிங்கை அப்படியே ரிட்டர்ன் பண்ணுங்க, போஸ்ட்கிரெஸ் அதை சர்வர் என்கோடிங்குக்கு தானா மாத்திக்கும். நடு நடுவுல அங்க ஒரு என்கோட் இங்க ஒரு டீகோட்னு தெளிச்சு வெக்காதீங்க, நிறைய பேரு எரர் வந்த வரியில மட்டும் ஒண்ணு சேத்துட்டு போயிடறாங்க, அது ஓட்டை பானைக்கு வெளிய ஈரத்தை துடைக்கிற மாதிரி, ரெண்டு வரி தள்ளி மறுபடியும் கசியும். நல் வேல்யூ (காலியா விட்ட மதிப்பு) வந்தா பைத்தான்ல அது நன்-ஆ வரும், அதுக்கு டீகோட் கூப்ட்டா வேற எரர், அதையும் முன்னாடியே பாத்துக்கோங்க.

சிஸ் டாட் செட்டீஃபால்ட்என்கோடிங்னு ஒரு வித்தை இருக்கு, சிஸ்ஸை ரீலோட் பண்ணிட்டு டீஃபால்ட்டை யூடிஎஃப்-8ன்னு மாத்திடறது. அது வேணாம். போஸ்ட்கிரெஸ்ல ஒரு செஷனுக்கு பைத்தான் இன்டர்பிரட்டர் ஒண்ணுதான், ஒரு ஃபங்ஷன்ல அதை மாத்தினா அதே கனெக்ஷன்ல ஓடற மத்த எல்லா பைத்தான் ஃபங்ஷனுக்கும் மாறிடும். கனெக்ஷன் பூல் (திறந்து வெச்ச கனெக்ஷனையே மாத்தி மாத்தி குடுக்கறது) வெச்சிருந்தா இன்னும் மோசம், அந்த ஃபங்ஷன் முன்னாடியே ஓடின கனெக்ஷன் கெடச்சா வேலை செய்யும், புதுசு கெடச்சா எரர், காலைல வந்துச்சு மத்தியானம் வரலன்னு தலையைப் பிச்சுக்கணும்.

இன்னொரு எடம் பிஎல்பை டாட் எக்ஸிக்யூட், ஃபங்ஷனுக்குள்ளேர்ந்து எஸ்க்யூஎல் ஓட்டறது. எஸ்க்யூஎல் வரியோட தமிழ் பேரை ஒட்டி அனுப்பாதீங்க, பைத்தான் 2-ல அங்க யூனிகோட் குடுத்தா மறுபடியும் ஆஸ்கிலதான் போய் விழும். பிரிப்பேர் பண்ணி, டாலர் 1 டாலர் 2-ன்னு பாராமீட்டரா குடுங்க. பேர்ல ஒற்றை மேற்கோள் வந்தா வர்ற தொல்லையும் அதோட தீந்துடும்.

இப்ப உங்க ரெண்டாவது எரர், சில ஊருக்கு மட்டும் வர்றது. நீங்க அனுப்பின ஃபங்ஷன்ல ஊர் பேரை அடைப்புக்குள்ள கோலன் 20-ன்னு வெட்டறீங்க, சீட்டுல 20 இடம்தான் இருக்குன்னு. பைட்டு ஸ்ட்ரிங்ல 20-ன்னா 20 எழுத்து இல்ல, 20 பைட்டு. வேலூர்ங்கறது நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு ஆறு குறியீடு (வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி), யூடிஎஃப்-8ல 18 பைட்டு. 20-க்குள்ள அடங்கிடுச்சு. ஆரணி 12, அதுவும் அடங்கிடும். ஆம்பூர் ஏழு குறியீடு, 21 பைட்டு, அந்த கடைசிப் புள்ளியோட மூணு பைட்டுல ரெண்டு மட்டும் உள்ள நின்னு மூணாவது அறுந்துடுச்சு. ஆற்காடும் 21 தான், அங்க 'டு'-வோட உகரக் குறி அறுந்திருக்கும். காட்பாடி 24, வாணியம்பாடி 33. அதான் வேலூர்க்காரங்களுக்கு சீட்டு வருது, ஆம்பூர்க்காரங்களுக்கு வரல. உங்க எரர் மெசேஜ் கடைசில 0எக்ஸ்ஈ0 0எக்ஸ்ஏஎஃப்-ன்னு ரெண்டே ரெண்டு பைட்டு காட்டுது இல்ல, அது பாதியில அறுந்த எழுத்தோட மிச்சம். ரெண்டு பைட்டு மட்டும் தெரிஞ்சா வெட்டினது எங்கயோ நம்ம கையாலதான்னு எடுத்துக்கலாம்.

முதல் வரியில டீகோட் பண்ணிட்டா இந்த எரர் போயிடும், ஆனா அதோட விட்டுடக் கூடாது. யூனிகோட் ஸ்ட்ரிங்கை வெட்டினாலும் குறியீடுக்கு குறியீடுதான் வெட்டும், வேலூர்-ஐ 5-ல வெட்டினா புள்ளி போயி "வேலூர"ன்னு நிக்கும், எரரே வராது, சீட்டுல தப்பா அச்சாவும். அப்புறம் இருபதுக்கு இடம் விட்டு கட்டம் கட்டறீங்களே, லென் (பைத்தான்ல நீளம் எண்றது) வெச்சு இடைவெளி நிரப்பினா வேலூர் ஆறு இடம்னு கணக்கு எடுக்கும், அச்சுல மூணு எழுத்துதான் தெரியும், கட்டம் கோணலாப் போவும். கண்ணுக்குத் தெரியற எழுத்தை எண்ணணும்னா யூனிகோட் ஆக்கின ஸ்ட்ரிங்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்ல கேட்டகரி பாத்து, எம்-னு ஆரம்பிக்கிறதை (அதெல்லாம் கொம்பு, காலு, புள்ளி) முன்னாடி எழுத்தோட சேத்துடுங்க, பத்து வரி கோடுதான். போஸ்ட்கிரெஸ் வார்ச்சார் 20-ங்கறது பைட்டு இல்ல, குறியீடு கணக்கு, அதனால காலம் (டேபிளோட நெடுக்குப் பத்தி) அளவுல பயமில்ல. ஆரக்கிள்ல இருந்து வந்தவங்க இங்க குழம்புவாங்க, அங்க வார்ச்சார்2-க்கு சும்மா விட்டா பைட்டு கணக்குதான். போஸ்ட்கிரெஸ்ல பைட்டு கணக்கு இடிக்கிறது டேபிள் பேர், காலம் பேர்லதான், 63 பைட்டுதான் அளவு, தமிழ்ல 21 குறியீடு.

டிரை எக்ஸெப்ட் போட்டு புடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. புடிக்கலாம், ஆனா எங்க புடிபடும் எங்க புடிபடாதுன்னு தெரிஞ்சுக்கணும். டீகோட் வரியில வர்ற யூனிகோட்டீகோட்எரரை ஃபங்ஷனுக்குள்ளயே புடிக்கலாம். ரிட்டர்ன் பண்ற மதிப்பு சர்வர் என்கோடிங்குக்கு ஒத்து வரலன்னு வர்ற எரர் உங்க பைத்தான் கோடு முடிஞ்சு வெளிய வந்தப்புறம் போஸ்ட்கிரெஸ் போடறது, உள்ள எத்தனை டிரை வெச்சாலும் சிக்காது. நீங்க ஒட்டுப் போட்டும் அடங்கலன்னு சொன்னது இதான். அதை வெளிய கூப்பிடற பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸோட சொந்த ஃபங்ஷன் மொழி) பக்கம் எக்ஸெப்ஷன் பிளாக் வெச்சு புடிக்கணும். கோடு நம்பர் 22021-ன்னா பைட்டே தப்பு, 22பி05-ன்னா பைட்டு சரி ஆனா போற இடத்து என்கோடிங்ல அந்த எழுத்து இல்ல. ரெண்டாவது பெரும்பாலும் விண்டோஸ்ல கிளையன்ட் என்கோடிங் வின்1252-ன்னு (விண்டோஸ்-1252, தமிழ் இல்லாத பழைய விண்டோஸ் என்கோடிங்) இருக்கறதால வரும், கிளையன்ட்_என்கோடிங்கை யூடிஎஃப்8 ஆக்கினா போயிடும், ஃபங்ஷன்ல தேடிகினு உக்காராதீங்க.

புடிச்சா இன்னா பண்றதுங்கறதுதான் முக்கியம். அந்த எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்ட்லயே ஸ்டார்ட், எண்ட், ரீசன், ஆப்ஜெக்ட்னு எல்லாம் இருக்கு, எந்த பைட்டு, எத்தனாவது இடம்னு அதுவே சொல்லும். நான் எப்பவும் தனியா ஒரு டேபிள் வெச்சுப்பேன், தொழிலாளி நம்பர், எந்த காலம், ஸ்டார்ட் பொசிஷன், மூல பைட்டு மொத்தமா பைட்டியாவா (பைட்டை அப்படியே வெக்கற காலம் வகை). அந்த வரியை அங்க தள்ளிட்டு அடுத்த ஆளுக்கு போயிடுவேன், சம்பளம் நிக்காது, பேரும் தொலையாது. மறுநாள் அந்த டேபிளைத் திறந்தா ஒரே மாதிரி தப்பு வரிசையா நிக்கும், பத்து வரி பாத்தாலே எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். பேரை காட்டியே ஆவணும்னா இக்னோருக்கு பதிலா ரிப்ளேஸ் போடுங்க, போன இடத்துல கருப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி மாதிரி ஒரு அடையாளமாவது நிக்கும், பாக்கறவங்களுக்கு தப்புன்னு தெரியும். ஆனா ரிப்ளேஸ் பண்ணதை திரும்ப டேபிள்ல எழுதிடாதீங்க, காட்டறதுக்கு மட்டும்தான்.

அடுத்தது டேட்டா உள்ள வர்ற வாசல். நான் பாத்ததுல பாதி யூனிகோட் எரர் எக்செல்லேர்ந்துதான் வருது. எரர்ல 0எக்ஸ்92-ன்னு வந்தா அது விண்டோஸ்-1252ல வளைஞ்ச ஒற்றை மேற்கோள், 93 94 வந்தா இரட்டை மேற்கோள், 96 வந்தா கோடு. இங்கிலீஷ் முகவரியில வேர்டுலேர்ந்து காப்பி பண்ணி ஒட்டினது. அதை சிபி1252-ன்னு (பைத்தான்ல விண்டோஸ்-1252-க்கு அதான் பேர்) டீகோட் பண்ணா சரியா வந்துடும், இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. தமிழ் இருக்கற ஷீட்டை வெறும் சிஎஸ்வின்னு சேவ் பண்ணா விண்டோஸ் அதோட பழைய கோடு பேஜ்ல எழுதிடும், தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் கேள்விக்குறி ஆயிடும், சிஎஸ்வி யூடிஎஃப்-8ன்னு தனியா இருக்கறதைத் தேர்ந்தெடுக்கணும். 2019ல வேலூர் மாவட்டத்தை மூணா பிரிச்சப்ப மாவட்டக் காலத்தை இப்படி ஒருத்தர் எக்செல்ல மாத்தி ஏத்திட்டாரு, காலம் முழுக்க கேள்விக்குறி. அன்னைக்கு தப்பிச்சதுக்கு காரணம், ஒரு குறியீடுக்கு ஒரு கேள்விக்குறி விழுது, ராணிப்பேட்டைக்கு 12, திருப்பத்தூருக்கு 13, வேலூருக்கு 6, எண்ணிப் பாத்தே திருப்பிப் போட்டேன். மூணே மூணு பேர் இருந்ததால முடிஞ்சுது. ஆள் பேர்ல அது நடக்காது, கேள்விக்குறி ஆனது போனதுதான், மூலத்தாளைத் தேடணும்.

கேள்விக்குறி இல்லாம, மேல சாஞ்ச கோடு போட்ட சின்ன இங்கிலீஷ் ஏ-யும், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும் வரிசையா வந்தா சந்தோஷப்படுங்க, அது தமிழ்தான். யூடிஎஃப்-8 பைட்டை யாரோ விண்டோஸ்-1252ன்னு தப்பாப் படிச்சு, அதை மறுபடியும் யூடிஎஃப்-8ஆ சேவ் பண்ணியிருக்காங்க. ஈ0 அந்த ஏ ஆச்சு, ஏஈ அந்த வட்டத்து ஆர் ஆச்சு. இதை திருப்ப எல்லாரும் சொல்ற வழி, சிபி1252ல என்கோட் பண்ணி யூடிஎஃப்-8ல டீகோட் பண்ணுங்கறது. தமிழுக்கு அது பாதியில நிக்கும், ஏன்னு எனக்கு புரியறதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, அதனால விவரமா சொல்றேன். விண்டோஸ்-1252ல அஞ்சு பைட்டுக்கு எழுத்தே கிடையாது: 81, 8டி, 8எஃப், 90, 9டி. இப்ப நம்ம புள்ளியைப் பாருங்க, ஈ0 ஏஎஃப் 8டி. உகரக் குறி, 'கு' 'டு'-ல வர்ற சுழி, ஈ0 ஏஎஃப் 81. 'ஏ' ஈ0 ஏஈ 8எஃப், 'ஐ' ஈ0 ஏஈ 90. தமிழ்ல புள்ளியும் உகரமும் இல்லாத பேர் எத்தனை இருக்கும் சொல்லுங்க. அதான் மத்த பாஷைக்காரங்களுக்கு ஒரே வரியில முடியறது நமக்கு ஒவ்வொரு மெய்யெழுத்துலயும் முட்டுது.

வழி இருக்கு. பல சாஃப்ட்வேர் அந்த அஞ்சு பைட்டை தூக்கிப் போடாம அதே நம்பர்ல ஒரு கண்ட்ரோல் கேரக்டரா வெச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும். அதனால ஸ்ட்ரிங்கை ஒவ்வொரு கேரக்டரா எடுத்து சிபி1252ல என்கோட் பண்ணிப் பாருங்க, முடியலன்னா அந்த ஒரு கேரக்டரை மட்டும் லத்தீன்-1ல (256 பைட்டுக்கும் அதே நம்பர் கேரக்டர் வெச்சிருக்கற என்கோடிங்) என்கோட் பண்ணுங்க, எல்லாத்தையும் சேத்து யூடிஎஃப்-8ல கண்டிப்பா, இக்னோர் ரிப்ளேஸ் எதுவும் இல்லாம, டீகோட் பண்ணுங்க. டீகோட் ஆச்சுன்னா சரியாயிடுச்சு, ஆகலன்னா அந்த வரியைத் தொடாம மேல சொன்ன தனி டேபிளுக்கு அனுப்புங்க. ஏற்கனவே ஒழுங்கா இருக்கற தமிழ் வரிக்கு இதை ஓட்டினாலும் ஆபத்தில்ல, தமிழ் எழுத்து ரெண்டு என்கோடிங்லயும் கிடையாது, முதல் எழுத்துலயே எரர் வந்து அந்த வரி அப்படியே நிக்கும். அந்தக் கண்ட்ரோல் கேரக்டரையும் எவனாவது சுத்தம் பண்றேன்னு தூக்கியிருந்தா மட்டும் திரும்பாது, ஈ0 ஏஎஃப்-க்கு அப்புறம் இருந்தது 8டி-யா 81-ஆ, அது 'க்'-ஆ 'கு'-வான்னு மெஷினுக்குத் தெரியாது. பேர் தெரிஞ்ச ஆளை உக்கார வெச்சுதான் பாக்கணும்.

எரரே வராத தப்பு ஒண்ணு இருக்கு, அதுதான் நம்ம ஊர் பக்கம் பழைய ரெக்கார்டுல நிறைய: பாமினி ஃபான்ட். டிடிபி கடையில அடிச்சு வாங்கின லிஸ்ட்டை அப்படியே ஏத்தியிருப்பாங்க. பாமினில அடிச்சது கம்ப்யூட்டருக்கு வெறும் இங்கிலீஷ் எழுத்து, ஃபான்ட்தான் அதை தமிழா வரைஞ்சு காட்டுச்சு. ஆஸ்கிக்கும் சந்தோஷம், யூடிஎஃப்-8க்கும் சந்தோஷம், ஒரு எரரும் வராது, படிச்சா ஒண்ணும் புரியாது. டிஸ்கி, 1999ல தமிழக அரசு அறிவிச்ச டாப் டாம் எல்லாம் பழைய எட்டு பிட்டு தமிழ் என்கோடிங், அதுங்களை யூடிஎஃப்-8ன்னு படிச்சா பெரும்பாலும் எரராவது வரும். போஸ்ட்கிரெஸ்ல இதுக்கெல்லாம் என்கோடிங் பேரே கிடையாது, கன்வெர்ட்_ஃப்ரம்ல (பைட்டை எழுத்தா மாத்தற போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷன்) தேடாதீங்க, பைத்தான்லதான் மாத்தணும். வெறும் அட்டவணை வெச்சு எழுத்துக்கு எழுத்து மாத்தினா பத்தாது, பாமினிலயும் டிஸ்கிலயும் ஒற்றைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு, ஐகாரம் மூணும் கண்ணுக்குத் தெரியற மாதிரி மெய்க்கு முன்னாடி நிக்கும், யூனிகோட்ல மெய்க்கு அப்புறம் வரணும். மாத்தி வெக்கலன்னா "வேலூர்"ல கொம்பு தனியா புள்ளி வட்டத்தோட முன்னாடி தொங்கும். ஓப்பன் தமிழ்ங்கற பைத்தான் லைப்ரரில இந்த மாத்தற வேலைக்கு பகுதி இருக்கு, அதையே எடுத்துக்கோங்க.

போளூர் கதையையும் சொல்லிடறேன், உங்க லிஸ்ட்ல அங்கேர்ந்து வர்றவங்க இருப்பாங்க. 'போ'-வை ரெண்டு விதமா சேமிக்கலாம், ப-வோட ஓகாரக் குறி ஒரே குறியீடா, இல்லன்னா ப, ரெட்டைக் கொம்பு, கால்னு பிரிச்சு. திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. முதல் விதத்துல போளூர் 18 பைட்டு, ரெண்டாவதுல 21. அதனால ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு சீட்டு வந்து இன்னொருத்தருக்கு வராம போவலாம், ஊர் வாரியா கூட்டல் போட்டா போளூர் ரெண்டு தடவை வரும். யூனிகோட் கணக்குல ரெண்டும் சமம், என்எஃப்சி நார்மலைஸ் (பிரிச்சு அடிச்சதை ஒரே குறியீடா சேக்கறது) பண்ணா ஒண்ணாயிடும். பைத்தான்ல யூனிகோட்டேட்டா டாட் நார்மலைஸ், போஸ்ட்கிரெஸ் 13லேர்ந்து நார்மலைஸ்னு எஸ்க்யூஎல்லயே இருக்கு. டீகோட் பண்ண உடனே அடுத்த வரியா இதைப் போட்டுடுங்க. ஆனா ஔ-வை ஒ-வும் ள-வுமா அடிச்சிருந்தா நார்மலைஸ் தொடாது, அது நிஜமாவே வேற எழுத்து. ஸ்ரீ-யும் அப்படித்தான், ஸ-வுல ஆரம்பிக்கிறதும் 2005ல யூனிகோடுக்குள்ள வந்த ஶ-வுல ஆரம்பிக்கிறதும் பாக்க ஒண்ணா இருக்கும், சமம் கிடையாது. ஸ்ரீதேவி, ஸ்ரீதர்னு பேர் இருந்தா நீங்களே ஒரு பக்கமா மாத்தி வெச்சுக்கணும்.

புது சர்வருக்கு போறதைப் பத்தி. போஸ்ட்கிரெஸ் 15லேர்ந்து பைத்தான் 2 கிடையாது, 3 யு மட்டும்தான், அதனால மாத்தறதுக்கு முன்னாடியே ஃபங்ஷனை எழுதி வெச்சுக்கணும். பைத்தான் 3-ல டெக்ஸ்ட் உள்ள வரும்போதே யூனிகோட், நான் மேல போடச் சொன்ன டீகோட் வரியெல்லாம் அங்க எடுத்துடணும், இல்லன்னா ஸ்ட்ரிங்குக்கு டீகோட்னு ஒண்ணு இல்லன்னு எரர் வரும். பைட்டியா காலம் மட்டும் பைட்ஸா வரும், அதுக்கு டீகோட் வேணும். ஃபங்ஷனுக்குள்ள ஃபைல் திறந்தா ஓப்பன்ல என்கோடிங்கை கட்டாயம் எழுதுங்க. உங்க டெர்மினல்ல யூடிஎஃப்-8 இருக்கறது சர்வர் புராசஸுக்குத் தெரியாது, அது அதோட லோகேல் (மொழி, என்கோடிங் செட்டிங்) படிதான் படிக்கும், சி லோகேலா இருந்தா மறுபடியும் ஆஸ்கி எரர். எக்செல் குடுத்த யூடிஎஃப்-8 ஃபைலா இருந்தா யூடிஎஃப்-8-சிக்னு குடுங்க, முன்னாடி ஒட்டியிருக்கற கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல இருக்கற அடையாளம்) போயிடும், இல்லன்னா முதல் காலத்து பேர் மட்டும் எப்பவும் பொருந்தாது.

பூஜ்ய பைட்டு இருந்தா போஸ்ட்கிரெஸ் டெக்ஸ்ட்ல வெக்கவே விடாது, யூடிஎஃப்-8 கணக்குல அது சரிதான்னாலும். வருகைப் பதிவு மெஷின் குடுக்கற ஃபைல்ல பேருக்குப் பின்னாடி பூஜ்யம் நிரப்பி வரும், அதை நீக்கிட்டு குடுங்க. சர்ரகேட்எஸ்கேப்னு ஒரு எரர் ஹேண்ட்லர் இருக்கு, அது பைத்தானுக்குள்ள மட்டும் செல்லும், அந்த ஸ்ட்ரிங்கை ரிட்டர்ன் பண்ணா பைட்டா மாத்த முடியலன்னு போஸ்ட்கிரெஸ் திருப்பி அனுப்பிடும். ஜேசான் டம்ப்ஸ் பண்ணா என்ஷூர்_ஆஸ்கியை ஃபால்ஸ்னு போடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தமிழ் குறியீடும் ஆறு கேரக்டர் எஸ்கேப்பா மாறி டெக்ஸ்ட் காலத்துல தேட முடியாம போயிடும்.

ஒண்ணு மட்டும் இன்னைக்கே பாத்துடுங்க, ஷோ சர்வர்_என்கோடிங். யூடிஎஃப்8-ன்னு வந்தா மேல சொன்ன வரிசையிலயே போலாம். எஸ்க்யூஎல்_ஆஸ்கின்னு வந்தா நிறுத்துங்க, அந்த டேட்டாபேஸ் எந்தப் பைட்டையும் சரி பாக்காம வாங்கிப் போட்டிருக்கும், யூடிஎஃப்-8, டிஸ்கி, விண்டோஸ் எல்லாம் ஒரே காலத்துல கலந்து இருக்கலாம், டம்ப் எடுத்து புது சர்வர்ல ஏத்தும்போது நடுவுல நிக்கும். அப்படி இருந்தா பழைய சர்வரை அழிக்காதீங்க, பேர் காலத்தை பைட்டா எடுத்து ஒவ்வொரு வரியும் யூடிஎஃப்-8 தானான்னு கன்வெர்ட்_ஃப்ரம்ல சோதிச்சு, தேறாத வரிங்களை ஹெக்ஸ்ல ஒரு பத்து, பேர் நம்பர் எதுவும் வெளிய தெரியாம ஊர் காலம் மட்டும், இங்க போடுங்க. எந்த என்கோடிங்னு பாத்து சொல்றேன்.